பெயருக்கு ஒரு மரம்

மோகனசுந்தரத்தின் தோப்பில் முதல் மரம் தூரில் வடிய ஆரம்பித்தது ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு. பட்டைப் பிளவுகளில் செம்பழுப்பாக ஒரு சாறு கசிந்து இறங்கி, காய்ந்து கறுத்துக் கிடந்தது. அடிமட்டைகள் மஞ்சளாகி, விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தண்டோடு ஒட்டித் தொங்கின. குரும்பை கொட்டியது. கொண்டை சிறுத்தது. தை பிறப்பதற்குள் பக்கத்து மரமும் அதேபோல் வடியத் தொடங்கியதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கம் தென்னையை நம்பிய குடும்பங்கள்தான் அதிகம். அவருக்கும் அவருடைய அண்ணன் குப்பண்ணனுக்கும் பாகம் பிரித்த தோப்புகள் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு வரப்பு. பாகத்தில் அண்ணனுக்குக் கிணறும் தம்பிக்குப் பாதையும் விழுந்துவிட்டதால், தண்ணீர் விடும்போதும் வண்டி போகும்போதும் மட்டும் இருவரும் பேசிக்கொண்டார்கள். மற்றதையெல்லாம் அவரவர் மனைவிமார் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மோகனசுந்தரத்தின் மனைவி வனிதாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த ஊர். அவள் தம்பி போனில் மரத்தின் படத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டான்.

“மச்சான், இது தஞ்சாவூர் வாடலுங்க. மண்ணுல இருக்கற பூஞ்சை வேர் வழியா ஏறுது. மரத்தத் தூரோட பேத்துத் தீ வெச்சுப்போட்டு, சுத்தியும் அகழியாட்டக் குழி வெட்டி உட்டுருங்க. வேரும் வேரும் தொட்டுக்கிச்சுன்னா தோப்பே போயிருமுங்க.”

அன்றைக்கே அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் மோகனசுந்தரம், அரசாங்கம் என்று ஒன்று இருக்கும்போது நாமாக முடிவெடுப்பது மரியாதை அல்ல என்று நினைக்கிற மனிதர். தவிர, பக்கத்துச் சித்தூரில் அப்போதுதான் ‘மண்வழி நோய்க்காரணி கண்டறிதல் மற்றும் அடையாளம் காணல் உயர்மையம்’ திறந்திருந்தார்கள். பெயர் கட்டிடத்தைவிட நீளமாக இருந்ததால் கடைசிச் சொல்லை மதில் திருப்பத்தில் வளைத்து எழுதியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் மண்ணாபீஸ் என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டார்கள்.

சாறு வடிந்த பட்டையில் ஒரு துண்டைச் செதுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மோகனசுந்தரம் மண்ணாபீசுக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“இது மரமல்லே? இங்க மண்ணு மட்டும்தான் எடுக்கும். மரத்துக்கு வேற வகுப்பு, வேற ஆபீஸ்.”

“நோவு மரத்துலதானுங்க இருக்குது.”

“காரணம் மண்ணுலயல்லே?”

“அப்படித்தானுங்க சொல்றாங்க.”

“ஆரு சொன்னது?”

“என்ற மச்சினன்.”

“அவரு சயண்டிஸ்டா?”

“இல்லீங்க. போர்வெல் வண்டி ஓட்டறான்.”

கவுண்டர்க்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்து, மண்ணோடு வரச் சொன்னார். மறுநாள் மண்ணோடு போனார். இப்போது இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் ‘நோயுள்ள மண்’ என்றும் மற்றதில் ‘நோயற்ற மண்’ என்றும் எழுதியிருந்தது.

“இது எந்த மண்ணு?” என்று முதல் சன்னலில் கேட்டார்கள்.

“அதத் தெரிஞ்சுக்கத்தானுங்க வந்திருக்கறேன்.”

“தெரியாத மண்ணுக்கு ஜன்னல் இல்லியே.”

மோகனசுந்தரம் இரண்டு சன்னல்களுக்கும் நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் வந்த ஒரு பாக்குத் தோட்டக்காரரும் அங்கேயே நின்றிருந்தார். சுவரில் ‘மண் பேசும், நாம் கேட்போம்’ என்று எழுதியிருந்தது. கடைசியில் இருவரையும் இயக்குநரிடமே அனுப்பினார்கள்.

இயக்குநர் டாக்டர் பூபதிராஜா இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியார்ப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து படித்து மேலே வந்தவர். நல்ல மனிதர்தான். தனக்கு எதிரே நாற்காலியில் ஒருவர் இருந்தாலும் நூறு பேர் இருப்பதுபோல் பேசுவார்.

“ஐயா, நீங்க சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. ஆனா ஒரு நுட்பம் இருக்கு. கண்டறிதல் வேற, அடையாளம் காணல் வேற. கண்டறிதல் பிரிவு இங்க சித்தூர்ல. அடையாளப் பிரிவு வண்டிப்பெரியார்ல. திறக்கும்போது ரெண்டு மாவட்டத்துக்காரங்களும் எங்களுக்குத்தான் வேணும்னாங்க. யாரையும் வருத்தப்படுத்தக் கூடாதுன்னு மையத்த நடுவுல பிரிச்சுக் கொடுத்துட்டோம்.”

“அப்ப எந்தப் பிரிவுக்குங்க மொதல்ல போகோணும்?”

“நல்ல கேள்வி. மண்ணுல என்ன இருக்குதுன்னு அவங்க அடையாளம் சொன்னாத்தான் நாங்க அதத் தேட முடியும். நாங்க தேடி எடுத்துக் குடுத்தாத்தான் அவங்க அடையாளம் சொல்ல முடியும். ரெண்டு பிரிவும் ஒண்ண விட்டு ஒண்ணு இருக்க முடியாது. அவ்வளவு நெருக்கம்.”

“இது தஞ்சாவூர் வாடல்னு பேசிக்கறாங்க சார்.”

பூபதிராஜாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. “தஞ்சாவூர் வாடல்னா தஞ்சாவூர்ல இருக்கணும். அது தமிழ்நாட்டு நோய். இங்க இருக்குன்னு நம்ம ரெக்கார்ட்ல இல்ல. நீங்க இருக்குன்னு சொன்னா, அது எல்லையத் தாண்டி நம்ம மாநிலத்துக்குள்ள வந்துருச்சுன்னு ஆகும். அப்புறம் அது மேலிடத்து விஷயம்.”

இதை வனிதாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “எங்கூருப் பக்கம் வேற ஒரு நோவு வந்தப்ப அங்கத்த ஆபீசருங்க ‘இது கேரளா வாடல், நம்ம நோவு இல்லை’ன்னு சொன்னாங்களாமா. ரெண்டு பக்கமும் நோவு அடுத்த ஊட்டுதுதானாட்ட இருக்குது. மரம் மட்டும் நம்முளுது.”

பங்குனியில் மையத்தின் ஜீப் தோப்புக்கு வந்தது. வடிகிற மரங்களைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். வேலியோரம் ஒரு பலகை நட்டார்கள். ‘கண்காணிப்பு மண்டலம். மண்ணைத் தொடாதீர். மரத்தை அகற்றாதீர்.’ தூரைப் பெயர்த்துவிட்டு அகழி வெட்டலாமா என்று மோகனசுந்தரம் கேட்டதற்கு, மண் இயல்பு நிலையில் இருந்தால்தான் அதற்குள் நடப்பதைக் கண்டறிய முடியும் என்றும், அகழி வெட்டினால் நோயின் போக்கு பாதிக்கப்படும் என்றும் பதில் வந்தது. நோயின் போக்கு பாதிக்கப்பட வேண்டும் என்றுதான் தான் விரும்புவதாக அவர் சொன்னார். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

சுற்றுவட்டாரத்து விவசாயிகளை அழைத்து நாடாவுக்கு வெளியே நிற்க வைத்து, பூபதிராஜா பேசினார்.

“விவசாயப் பெருங்குடி மக்களே! இந்த மையம் தொடங்கினப்ப நம்ம வரைபடத்துல ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் இருந்துச்சு. இன்னிக்கு வந்து பாருங்க! எங்க பார்த்தாலும் சிவப்பு. ஒரு மையத்தோட வளர்ச்சிக்கு இதவிட வேற என்ன சாட்சி வேணும்? நோய் எங்க போனாலும் நாங்க பின்னாலேயே போவோம். ஒரு நாளும் அத முந்த மாட்டோம். முந்துறது விஞ்ஞானம் இல்ல, அவசரம். உங்க தோப்புல நோய் இருக்கற வரைக்கும் நாங்க உங்களோட இருப்போம். நோயே இல்லாத இடத்துல எங்களுக்கு என்ன வேலை, சொல்லுங்க?”

பின்வரிசையில் நின்ற குப்பண்ணன் கை தட்டினார். தம்பியின் தோப்பில் சர்க்கார் ஜீப் நிற்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் அது நோய்க்காக வந்த ஜீப் என்பதில் ஒரு ஆறுதலும் இருந்தது.

அன்றைக்கு மண் எடுத்தவர்கள் ஒரு நீளமான இரும்புக் குழாயை வடிகிற மரத்தின் தூரில் இறக்கி, சுழற்றி, மண்ணோடு மேலே எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மண்ணும் வேண்டுமாம். அதே குழாயோடு, அதே பூட்சோடு வரப்பைத் தாண்டிக் குப்பண்ணனின் தோப்புக்குள் இறங்கினார்கள்.

“ஏனுங்க, அத ஒருக்காக் கழுவிப்போட்டு எறக்குங்களே” என்று மோகனசுந்தரம் வரப்பிலிருந்து கூப்பிட்டார்.

“கழுவுனா சாம்பிள் கெட்டுப்போகும்” என்றார் குழாய்க்காரர்.

அவர் சொன்னதில் எந்தச் சாம்பிள் என்பது தெளிவாக இல்லை. பின்னால் நடந்ததற்கு அந்தக் குழாய்தான் காரணமா, வேர்கள் மண்ணுக்கடியில் வரப்பைக் கேட்காமல் ஏற்கெனவே போய்விட்டிருந்தனவா என்பதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. மையத்தால் நிச்சயமாக முடியாது.

பலகை வைத்த மறுவாரம் தேங்காய் வியாபாரி அலவி வந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து இந்தத் தோப்புக் காய் அவர்களுக்குத்தான். வேலிக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திப் பலகையை இரண்டு தடவை படித்தார்.

“மோகனண்ணா, காய்க்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். வாங்குறவன் தெரிஞ்சுக்கணுமே. நோய்த் தோப்புக் காயின்னு ஆரோ மார்க்கெட்ல சொல்லிட்டான். பலகைய எடுத்தப்புறம் விளிங்க, ஓடி வாறேன்.”

பலகையை எப்போது எடுப்பார்கள் என்று கேட்க மோகனசுந்தரம் சித்தூர் போனார். நோய் அடையாளம் காணப்பட்ட பிறகு எடுப்பார்கள் என்றார்கள். அடையாளம் எப்போது காண்பார்கள்? மண்ணில் ‘ஏதோ ஒன்று’ கண்டறியப்பட்டிருக்கிறது, அதை வண்டிப்பெரியாருக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். வைகாசியில் கேட்டபோது அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றார்கள். “அவசரம்னா நீங்களே கொண்டு போங்களேன்” என்று அரக்கு முத்திரை வைத்த ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார்கள்.

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்குப் போக அவருக்குத் தெரிந்த வழி தமிழ்நாட்டு வழிதான். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம். அங்கிருந்து மலையேறும் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஏலக்காய்த் தோட்டத்துப் பெண், “யாரோட அஸ்திங்கண்ணே?” என்று தணிந்த குரலில் விசாரித்தாள். அவர் மண் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. இறங்கும்வரை கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து வந்தாள்.

குமுளியில் சோதனைக்கு ஏறியவர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

“எந்தா இது?”

“மண்ணுங்க. பாலக்காட்டு மண்ணு. வண்டிப்பெரியாருக்குக் கொண்டு போறேன்.”

“கேரளத்து மண்ண கேரளத்துக்குக் கொண்டு போகத் தமிழ்நாட்டு வழி எதுக்கு?”

“ரோடு அப்படித்தானுங்க போகுது.”

“அப்ப இது தமிழ்நாட்லருந்து வர்ற மண்ணு” என்று அவர் முடிவுக்கு வந்தார். மண்ணில் நோய் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றால் உள்ளே விட முடியாது. இல்லை என்றால் எதற்குக் கொண்டுபோக வேண்டும்? மோகனசுந்தரம், அது இன்னும் யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் போகிறேன் என்றார். இவ்வளவு உண்மையான பதிலை எதிர்பார்க்காததால் சோதனைக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டார்.

அடையாளப் பிரிவு ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் இருந்தது. சுற்றிலும் தேயிலை. தென்னை மரம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இல்லை. டாக்டர் நிமி சின்ன வயசுக்காரி, களைத்த முகம். மழைக்கு ஒழுகாத ஒரே மூலையில் மைக்ராஸ்கோப்பை வைத்து அதற்கும் குடை பிடித்திருந்தாள். டப்பாவை அன்றே திறந்தாள். சில நாள் கழித்து வரச் சொல்லியிருந்தால் அவர் வியந்திருக்க மாட்டார். அவளோ அவரை இருத்திவைத்துப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்து, தன்னிடம் ஏற்கெனவே வளர்ந்திருந்த பூஞ்சைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பட்டைத் துண்டு இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கும் இருக்கட்டுமென்று அவர் எடுத்துப்போயிருந்தார்.

“சேட்டா, அது தன்னே. தஞ்சாவூர் வாடல்காரன். சம்சயம் இல்ல.”

மோகனசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மரம் போவது உறுதியானதற்கு ஒரு மனிதன் சந்தோஷப்பட முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. “அப்ப எழுதிக் குடுங்க மேடம். நாளைக்கே தூரோட பேத்தர்றேன்.”

நிமி பேனாவை மூடினாள்.

“இப்ப சொன்னது நிமி சொன்னது. மையம் சொல்லணும்னா வேற வழியுண்டு. இந்தப் பூஞ்சைய எடுத்து நோயில்லாத ஒரு நல்ல மரத்துல வைக்கணும். அந்த மரமும் இதே மாதிரி வடிஞ்சு சாகணும். செத்த மரத்துலருந்து இதே பூஞ்சைய திரும்ப எடுக்கணும். அப்பத்தான் கொன்னது இதுதான்னு எழுத முடியும்.”

“எங்க தோப்புல அது தானாவே அதத்தான் பண்ணீட்டிருக்குதுங்களே. ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு.”

“அது நாம வச்சதில்லையல்லோ, சேட்டா.”

“வேற ஊர்ல யாராச்சும் இதப் பண்ணிப் பாத்திருப்பாங்களே மேடம்?”

“பண்ணியாச்சு. பல வருஷம் முன்னாலயே பண்ணியாச்சு. புத்தகத்துல இருக்கு.” அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நானும் எழுதினேன். ‘புத்தகத்தில் இருப்பது வேறு மண், இது பெருமாட்டி மண்’னு டைரக்டர் எழுதித் திருப்பி அனுப்பினார். நீங்க அந்த மரத்த பேத்துடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

அவர் திரும்பி வந்தார். பெயர்த்துவிடலாம் என்றுதான் வழிநெடுகத் தீர்மானித்துக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்ததும் கை வரவில்லை. சர்க்கார் கட்டிய நாடாவை அறுத்தால் வழக்கு என்று சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாத மனிதர். ஆடியில் மேலும் சில மரங்கள் வடிந்தன. வனிதா காலையில் தோப்புக்குள் போவதை நிறுத்திவிட்டாள். “போனா எண்ணத் தோணுது. எண்ணுனா நேத்தவிட ஒண்ணு கூட வருது” என்றாள்.

நோய் வைக்க நல்ல மரம் ஒன்று தேவை என்ற விஷயம் மேலிடத்தில் ஒப்புதலாகி வந்தது. அதே மண்ணாக இருக்க வேண்டும், ஆனால் நோய் இருக்கக் கூடாது. மையம் வரைபடத்தைப் பார்த்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் குப்பண்ணனின் தோப்பு பச்சையாக இருந்தது.

ஒரு நாள் மாலை பஞ்சாயத்து மண்டபத்தில் குப்பண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘ஆரோக்கிய மண் காவலர்’ என்று பட்டம். மோட்டார் ரூம் பக்கத்தில், வருஷம் பூராவும் காய்த்துக் குலை தாங்காமல் நிற்கும் அவருடைய மரத்துக்குச் ‘சவால் மரம்’ என்று பெயரிட்டார்கள். பூபதிராஜா பேசும்போது, “நோயை நேருக்கு நேர் சந்திக்கிற பெருமை ஐயாவோட மரத்துக்குக் கிடைச்சிருக்கு” என்றார். கூட்டம் கை தட்டியது. குப்பண்ணன் கையெழுத்துப் போட்டார்.

மோகனசுந்தரம் அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால் வரப்பைத் தாண்டிப் போனார். அண்ணன் பொன்னாடையை இன்னும் எடுக்கவில்லை.

“அண்ணா, அந்த மரத்துக்கு அவுங்க நோவக் குடுக்கப் போறாங்க.”

“மருந்துன்னு சொன்னாங்க.”

“மருந்தில்லீங்கண்ணா. நோவு. என்ற மரத்துல இருக்கற பூஞ்சைய எடுத்து உங்க மரத்துல வெக்கறாங்க. சாகுதான்னு பாக்கறாங்க. நானே வண்டிப்பெரியாருக்குப் போயி கேட்டுட்டு வந்தனுங்க.”

குப்பண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன்ற தோப்புல பலகை நட்டாங்க. எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. அது உனக்குப் பொறுக்கல. ஏன்டா, சர்க்கார் எதுக்குடா நல்ல மரத்தச் சாகடிக்கோணும்? அவுனுகளுக்கென்ன பைத்தியமா?”

நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் சொல்கிறவனுக்குத்தான் பைத்தியம் என்று தோன்றும். அண்ணி கதவோரம் நின்று, “போங்க தம்பி, நாளைக்குப் பேசிக்கலாம்” என்றாள். இருட்டில் வரப்பின் மேல் நடந்து வரும்போது, பட்டால்தான் அண்ணனுக்குத் தெரியும் என்று மோகனசுந்தரம் நினைத்தார். ஒரு கணம்தான். ஆனால் நினைத்தார். மறுநாள் மையத்து ஆட்கள் வந்தபோது போய்க் குறுக்கே நிற்க வேண்டும் என்று வனிதா சொன்னாள். அவர் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை.

சவால் மரத்தின் தூரில் துளையிட்டு, சோளத்தில் வளர்த்த பூஞ்சையை வைத்து, மெழுகால் மூடினார்கள். கேமரா வைத்தார்கள். வாரம் ஒரு முறை ஒருவர் வந்து மரத்தைச் சுற்றி நடந்து, ‘மாற்றமில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். வருத்தத்தோடுதான் எழுதினார். குப்பண்ணன் தினமும் போய் மரத்தடியில் நின்றார். விருந்தாளிகள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டினார்.

முதலில் வடிந்தது சவால் மரம் அல்ல. அதற்கு அடுத்த வரிசையில் இருந்த மரம். பிறகு வரப்போரம் இன்னொன்று. குப்பண்ணன் பதறிப்போய்ச் சித்தூருக்கு ஓடினார். அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பொறுமையாக விளக்கினார்கள். அந்த மரங்களுக்கு மையம் நோய் வைக்கவில்லை. ஆகவே அது முறைப்படியான தொற்று அல்ல. முறைப்படி அல்லாத தொற்றைக் கணக்கில் எடுக்க முடியாது. அவற்றை வெட்டவும் கூடாது. வெட்டினால் சவால் மரத்தின் முடிவு செல்லாமல் போய்விடும்.

“அப்ப அந்த மரமெல்லாம் சாகறதுக்கு என்னங்க பேரு?” என்று கேட்டார் குப்பண்ணன்.

“அதுக்குப் பேரில்ல ஐயா. அதான் பிரச்சினையே” என்றார் பூபதிராஜா, உண்மையான வருத்தத்தோடு.

அடுத்த வருஷம் கார்த்திகையில் சவால் மரம் வடிந்தது. சித்தூரில் இனிப்பு வழங்கினார்கள். கொண்டை சரிந்து, உச்சி மொட்டையாகி, தூரில் விசிறிபோல் ஒரு காளான் முளைக்கும்வரை காத்திருந்தார்கள். அதை எடுத்துப் பார்த்தார்கள். அதே பூஞ்சை. நிமி முதல் நாள் சொன்ன அதே பெயர். அறிக்கையில் அவள் பெயர் கடைசியில், நன்றி தெரிவித்த இடத்தில் இருந்தது.

விழா குப்பண்ணன் தோப்பிலேயே நடந்தது. செத்த மரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ‘கண்டறிந்தோம்! அடையாளம் கண்டோம்!’ என்று பந்தலில் பேனர் தொங்கியது. பந்தலுக்கு மேலே நிழல் தந்த மட்டைகள் எல்லாம் மஞ்சள். அலவி வந்து கடைசி வரிசையில் நின்றார். மோகனசுந்தரமும் வனிதாவும் வரப்பின் மேலேயே நின்றார்கள்.

பூபதிராஜா பேசினார்.

“ஒரு விவசாயி கேட்டார், ‘இதுதான் நோய்னு எங்களுக்கு முன்னாடியே தெரியுமே’ன்னு. தெரியறது வேற, நிறுவுறது வேற! நீங்க தெரிஞ்சு வச்சிருந்தீங்க. நாங்க நிறுவிட்டோம். இந்த மரம் சாகலன்னா இன்னிக்கு இந்த வெற்றி இல்ல. அதச் சுத்தி இருக்கற மரங்களும் தங்களால முடிஞ்ச ஒத்துழைப்பக் குடுத்திருக்கு. சந்தேகமே வேண்டாம், நம்ம மையம் தொட்ட தோப்பு எதுவும் இனிமே பெயர் தெரியாத நோயால சாகாது!”

கை தட்டினார்கள். பிறகு ஆரோக்கிய மண் காவலரைப் பேச அழைத்தார்கள். குப்பண்ணன் மைக்கைப் பிடித்தார்.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேரு கெடச்சிருச்சு. இனி என்னங்க பண்ணோணும்?”

பூபதிராஜா மகிழ்ச்சியோடு அறிக்கையைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். நோயுற்ற மரங்களைத் தூரோடு அகற்றி எரிக்க வேண்டும். சுற்றிலும் அகழி வெட்ட வேண்டும். தாமதம் கூடாது.

வரப்பின் மேல் நின்ற வனிதா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் நின்ற மோகனசுந்தரத்துக்கே தெரியவில்லை.

“இன்னைக்கே வெட்டலாமுங்களா?” என்றார் குப்பண்ணன்.

“பரிந்துரை மேலிடத்துக்குப் போகணும் ஐயா. உத்தரவு வர்ற வரைக்கும் இது கண்காணிப்பு மண்டலம். எதையும் தொடக் கூடாது.”

குப்பண்ணன் மைக்கை மேசை மேல் வைத்தார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக வரப்பைப் பார்த்தார்.

“மோகனா” என்றார். மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. “ஜேசிபிக்குச் சொல்றா.”

மறுநாள் காலை ஜேசிபி வந்தது. நாடாவையும் பலகைகளையும் வனிதாவே பிடுங்கி ஒரு ஓரமாகப் போட்டாள். அகழி இரண்டு தோப்பையும் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் வரப்பை இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும். ஓட்டுகிறவர் மண்வாரியைத் தூக்கியபடி நிறுத்தி, எந்தப் பக்கத்து மண்ணை எந்தப் பக்கம் கொட்டுவது என்று கேட்டார். பாகப் பிரிவினையில் அடிதடி பார்த்த ஊர்க்காரர் அவர்.

“எங்கயாச்சும் கொட்டு” என்றார் குப்பண்ணன்.

மதியம் ஜீப் வந்தபோது அகழி பாதி சுற்றிவிட்டது. பூபதிராஜா அகழியின் வெளிக்கரையில் நின்று கத்தினார். வழக்கு என்றார். ஆதார அழிப்பு என்றார். இயந்திரச் சத்தத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை, கேட்டதுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவர் நிறுத்தினார். அகழியின் நீளத்தை, ஆழத்தை, எரிகிற தூர்களை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

அடுத்த மாதச் செய்தி இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. ‘உயர்மையத்தின் வழிகாட்டுதலில், உத்தரவுக்கும் முன்பே செயல்பட்ட முன்மாதிரி விவசாயிகள்.’ வழக்கு வரவில்லை. உயர்மையத்துக்கு மூன்றாவது மாவட்டத்தில் ஒரு பிரிவு ஒதுக்கினார்கள்.

அகழிக்கு உள்ளே இரண்டு தோப்பிலுமாகப் போனது பெரிய பரப்பு. வெயில் நேராகத் தரையில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மண் வெயிலைப் பார்த்ததில்லை. சாம்பல் குவியல்களுக்கு நடுவில் ஒரு சாயங்காலம் இருவரும் உட்கார்ந்திருந்தபோது குப்பண்ணன் கேட்டார்.

“அன்னைக்கு வந்து சொன்னியே. மறுநா ஏன்டா வந்து தடுக்கல? என்றகூட சண்டை போட்டிருக்கலாமல்ல.”

மோகனசுந்தரம் காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

“படட்டும்னு உட்டுட்டனுங்கண்ணா.”

குப்பண்ணன் வெகுநேரம் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போனார். மன்னித்தாரா என்பது தம்பிக்குத் தெரியவில்லை. மறுநாள் கிணற்று மோட்டாரை அவரே போட்டு, கேட்காமலேயே தம்பி பக்கத்து மடையைத் திறந்துவிட்டிருந்தார். அது மன்னிப்பாகவும் இருக்கலாம், மீதி மரங்களுக்குத் தண்ணீராகவும் இருக்கலாம்.

சித்திரையில், நல்ல மழை ஒன்று பெய்து முடிந்த காலையில், மோகனசுந்தரம் அகழிக்கு வெளியே இருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசையில் ஒன்றின் தூர் ஈரமாக இருந்தது. மழை ஈரம் என்று முதலில் நினைத்தார். விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். செம்பழுப்பு.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. சித்தூர் பஸ் நிற்கும் இடத்துக்கும் போகவில்லை. நேராக அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று விரலைக் காட்டினார். குப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். விரலைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு கோடாலிகளோடு வந்தார்.

உச்சிப்பொழுதுக்குள் மரம் கீழே கிடந்தது. அதற்கு யாரும் பெயர் கேட்கவில்லை.